இருபத்தொன்பது இடங்களில் ஓர் எண்



தமிழில் 'எண்ணுதல்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று, இரண்டு என்று கணக்கிடுதல் ஒரு பொருள். சிந்தித்தல் மற்றொரு பொருள். கணக்கிடுவதும் சிந்திப்பதும் ஒரே வினையின் இரு முகங்கள் என்று நம் முன்னோர் கருதினர் போலும். கலசப்பாக்கம், ஆரணி வட்டாரத்துப் பட்டுத்தறிகளில் இவ்வுண்மையை நாள்தோறும் காணலாம். பாவில் எத்தனை இழை, ஊடையில் எத்தனை இழை என்னும் கணக்கு ஓரிடத்தில் பிசகினாலும் துணி அதைக் காட்டிக் கொடுத்துவிடும். நெசவாளர் சொல்லை நம்பித் தறியில் அமர்ந்தாலும், இழையை எண்ணிப் பார்த்த பின்னரே நாடாவை ஓட்டுவார்.

சமண நூல்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் காத்துவரும் ஓர் எண்ணை அவ்வாறே எண்ணிப் பார்ப்பது இவ்வுரையின் நோக்கம். அவ்வெண் இதுவே:

79228162514264337593543950336

இருபத்தொன்பது இலக்கங்கள் கொண்ட முழு எண் இது. இரண்டு என்னும் எண்ணைத் தொண்ணூற்றாறு முறை எழுதித் தம்முள் பெருக்கினால் கிடைப்பது.

இவ்வெண் இடம்பெறும் நூல்களுள் தமிழ்ச் சமணர் நன்கு அறிந்தது கோம்மடசாரம். அதனை அருளியவர் 10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆசாரியர் நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி. கங்க மன்னரின் அமைச்சரும் படைத்தலைவருமான சாமுண்டராயர் அவர்தம் காலத்தவர். சிரவணபெளகொளக் குன்றின்மீது பாகுபலியின் திருவுருவத்தை நிறுவியவர். அந்நூலின் முதற்பகுதியாகிய ஜீவகாண்டம், உயிர்வகைகளை விரித்துரைக்குமிடத்தில், பரியாப்த மனிதர்களின் தொகையாக இவ்வெண்ணைத் தருகிறது. உடல், பொறி, மூச்சு, மொழி, மனம் முதலிய ஆற்றல்கள் நிறைவெய்தப் பெற்றவர் பரியாப்தர் எனப்படுவர். சுவேதாம்பர மரபின் அனுயோகத்துவார சூத்திரத்திலும் இதே தொகை காணப்படுகிறது. பல செய்திகளில் வேறுபடும் இரு மரபுகள் இருபத்தொன்பது இலக்கங்களில் ஒன்றுபடுவது கருதத்தக்கது.

இதனைக் கேட்கும் இளையோர் உடனே ஒரு வினா எழுப்புவர். ஐக்கிய நாடுகள் அவையின் கணிப்புப்படி உலக மக்கள்தொகை 800 கோடியை எட்டியது 2022 நவம்பர் 15 அன்று. எண்ணூறு கோடி என்பது பத்து இலக்க எண். இருபத்தொன்பது இலக்கம் எங்ஙனம் பொருந்தும்? ஆகமம் கூறும் மனிதவுலகம் இன்றைய நிலப்படத்தின் உலகமன்று. நாற்பத்தைந்து இலட்சம் யோசனை விட்டமுள்ள இரண்டரைத் தீவுகளின் பரப்பு அது. ஆகவே இத்தொகையை மக்கட்தொகைக் கணக்கெடுப்போடு ஒப்பிடுதல் முறையாகாது. ஆயினும் அவ்வினா வீண் வினா அன்று. ஓர் எண் சொல்லப்பட்டால் அது பொருந்துமா என்று கேட்பது சமண ஆசாரியர்களுக்கே உரிய பழக்கம். அதற்குரிய சான்று பின்னர் வரும். அதற்குமுன் இவ்வெண் பிறக்கும் முறையைக் காணவேண்டும்.

இரண்டில் தொடங்கி, ஒவ்வோர் எண்ணையும் அதனாலேயே பெருக்கிச் செல்லும் வரிசையைச் சமண நூல்கள் துவிரூப வர்க்கதாரை என்று வழங்கும். இரண்டை இரண்டால் பெருக்க 4. இது முதல் வர்க்கம். நான்கை நான்கால் பெருக்க 16. இது இரண்டாம் வர்க்கம். மூன்றாம் வர்க்கம் 256. நான்காம் வர்க்கம் 65536. ஐந்தாம் வர்க்கம் 4294967296. ஆறாம் வர்க்கம் 18446744073709551616. இவற்றுள் நான்காவதற்குப் பண்ணட்டி என்றும், ஐந்தாவதற்குப் பாதால் என்றும் பிராகிருதப் பெயர்கள் உண்டு. முன்னது 65 என்னும் தொடக்க இலக்கங்களாலும், பின்னது 42 என்னும் தொடக்க இலக்கங்களாலும் பெற்ற பெயர். நெடிய எண்ணின் தலையை மட்டும் பெயராக்கிக்கொண்டு முழு எண்ணையும் நினைவில் நிறுத்திய திறம் இது.

ஐந்தாம் வர்க்கத்தையும் ஆறாம் வர்க்கத்தையும் பெருக்கினால் மேற்சொன்ன இருபத்தொன்பது இலக்க எண் கிடைக்கும். ஐந்தாம் வர்க்கத்தைக் கனமாக்கினாலும், அதாவது அதனையே மும்முறை எழுதிப் பெருக்கினாலும், அதுவே கிடைக்கும். முதல் வழியை அனுயோகத்துவார சூத்திரமும், இரண்டாம் வழியைக் கோம்மடசாரமும் கூறுகின்றன. இரண்டைத் தொண்ணூற்றாறு முறை எழுதி ஒவ்வொன்றாகப் பெருக்கிச் சென்றால் தொண்ணூற்றைந்து பெருக்கல்கள் வேண்டும். வர்க்க வரிசை வழியே சென்றாலோ ஆறு வர்க்கங்களும் ஒரு பெருக்கலுமாக ஏழே பெருக்கல்களில் வேலை முடிந்துவிடும். இன்றைய கணிப்பொறிகள் பேரெண்களின் அடுக்குகளைக் காண்பதும் இவ்வாறு மீண்டும் மீண்டும் வர்க்கம் எடுத்தே.

அனுயோகத்துவார சூத்திரம் இவ்வெண்ணுக்கு மற்றோர் அடையாளமும் கூறுகிறது: தொண்ணூற்றாறு முறை பாதியாக்கத்தக்க எண் என்பது அது. ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்கினால் ஒன்று எஞ்சும் என்னும் அளவை அர்த்தச்சேதம் எனப்படும். எட்டின் அர்த்தச்சேதம் மூன்று. பதினாறின் அர்த்தச்சேதம் நான்கு. 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சட்கண்டாகமத்துக்குத் தவளா என்னும் பேருரை வகுத்த ஆசாரியர் வீரசேனர் இக்கருத்தைக் கணக்குக் கருவியாகவே வளர்த்தார். இரண்டு எண்களைப் பெருக்கினால் அவற்றின் அர்த்தச்சேதங்கள் கூடும் என்பது அவர் கையாண்ட விதிகளுள் ஒன்று. ஐந்தாம் வர்க்கத்தின் அர்த்தச்சேதம் 32. ஆறாம் வர்க்கத்தின் அர்த்தச்சேதம் 64. அவற்றைக் கூட்ட 96. பத்து இலக்க எண்ணையும் இருபது இலக்க எண்ணையும் பெருக்கும் பெருஞ்சுமை, இரு சிறு எண்களைக் கூட்டும் எளிய வேலையாக மாறிவிடுகிறது. பள்ளியில் மடக்கை என்று கற்பிக்கப்படும் கணிதம் இதுவே. ஐரோப்பாவில் ஜான் நேப்பியர் தம் மடக்கை நூலை வெளியிட்டது 1614இல். இரண்டால் வகுப்பதோடு நில்லாமல், மூன்றால் வகுக்கும் திரிகச்சேதம், நான்கால் வகுக்கும் சதுர்த்தச்சேதம் என்பனவும் தவளாவில் உள்ளன. நம் எண்ணின் சதுர்த்தச்சேதம் 48. மூன்றாலோ அது ஒருமுறையேனும் மீதியின்றி வகுபடாது.

தொண்ணூற்றாறு முறை பாதியாக்குதல் என்பது எத்துணைப் பெரிது? ஐந்தரை மீட்டர் நீளமுள்ள பட்டுச் சேலை ஒன்றை நீளவாட்டில் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே செல்வதாகக் கருதலாம். முதல் முறையில் இரண்டே முக்கால் மீட்டர். பத்தாம் முறையில் அரை சென்டிமீட்டரை ஒட்டிய நறுக்கு. முப்பத்தைந்தாம் முறையில் எஞ்சுவது ஓர் அணுவின் குறுக்களவுக்கு இறங்கிவிடும். இன்னும் அறுபத்தொரு முறை மிச்சமிருக்கும். சேலை தீர்ந்தாலும் எண் தீராது. இக்காட்சியால் எண்ணின் பெருமை விளங்குகிறது. ஆயினும் அது முடிவுள்ள எண்ணே. சமணக் கணிதம் எண்களைச் சங்கியாதம், அசங்கியாதம், அனந்தம் என மூவகைப்படுத்தும். எண்ணத்தக்கது, எண்ணற்கரியது, எல்லையற்றது என்பன அவற்றின் பொருள். இருபத்தொன்பது இலக்கம் கொண்ட இவ்வெண் அவற்றுள் முதல் வகுப்பிலேயே அடங்கிவிடுகிறது. இதனைப் பெரிது என்று எண்ணி மலைப்போர்க்கு இன்னும் இரு வகுப்புகள் மேலே உள்ளன.

இனி இவ்வெண்ணின் இயல்புகள் சில. இதன் பகா வகுஎண் இரண்டு ஒன்றே. மூன்று, ஐந்து, ஏழு என்னும் பிற பகா எண்கள் எவையும் இதனுள் புகா. ஒன்றும் தானும் உட்பட இதன் வகுஎண்கள் மொத்தம் 97. தன்னை ஒழித்து எஞ்சிய 96 வகுஎண்களையும் கூட்டினால், அக்கூட்டுத்தொகை இவ்வெண்ணினும் சரியாக ஒன்று குறைந்து நிற்கும். 28 என்னும் எண்ணின் வகுஎண்களாகிய 1, 2, 4, 7, 14 ஆகியவற்றைக் கூட்ட மீண்டும் 28 வருதலின் அது நிறைவெண் எனப்படும். நம் எண் நிறைவெண் ஆவதற்கு ஒன்று மட்டும் குறைந்தது. இஃது இரண்டின் அடுக்குகள் எல்லாவற்றுக்கும் உரிய பண்பு.

அடுத்தது, இது பலவகை முழு அடுக்காக நிற்கிறது. 281474976710656 என்னும் எண்ணின் வர்க்கம் இது. 4294967296இன் கனமும் இதுவே. 65536இன் ஆறாம் அடுக்கும், 256இன் பன்னிரண்டாம் அடுக்கும் இதுவே. 96 என்னும் எண்ணுக்கு வகுஎண்கள் மிகுதியாக இருத்தலே இதற்குக் காரணம். ஆயினும் துவிரூப வர்க்கதாரையில் இது ஓர் உறுப்பு அன்று. ஆறாம் வர்க்கத்துக்கும் ஏழாம் வர்க்கத்துக்கும் இடையில் நிற்பது.

மூன்றாவது, இதனை 3, 5, 7, 9, 13, 17 ஆகிய எவற்றால் வகுத்தாலும் மீதி ஒன்றே. பகா எண்ணாகிய 97ஆல் வகுத்தாலும் மீதி ஒன்றே. இதற்குரிய பொதுவிதியைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா 17ஆம் நூற்றாண்டில் கூறினார். தொண்ணூற்றாறு முறை பாதியாகும் எண்ணைத் தொண்ணூற்றேழால் வகுக்க ஒன்று எஞ்சும் என்பதை, முழு வகுத்தலைச் செய்யாமலேயே அவ்விதி சொல்லிவிடும்.

இத்துணை நீண்ட எண், அச்சு இல்லாத காலத்தில், ஓலையிலிருந்து ஓலைக்கு எவ்வாறு பிழையின்றி வந்தது? இங்கேதான் எண்ணும் எழுத்தும் கைகோத்தன. நேமிசந்திரர் இவ்வெண்ணை ஒரு பிராகிருதப் பாட்டின் இருபத்தொன்பது எழுத்துகளில் மறைத்து வைத்தார். கடபயாதி என்னும் முறை அது. மெய்யெழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் உண்டு. கர்நாடக இசை பயில்வோர்க்கு இது புதிதன்று. மேளகர்த்தா இராகங்களின் பெயர்களில் இம்முறை அமைந்துள்ளது. தீரசங்கராபரணம் என்னும் பெயரின் முதல் எழுத்துக்கு 9; அடுத்த எழுத்துக்கு 2. வலமிருந்து இடமாகத் திருப்பி வாசிக்க 29 என வரும். அதுவே அந்த மேளத்தின் வரிசை எண். கோம்மடசாரப் பாட்டும் அவ்வாறே. அதன் முதல் எழுத்து தகரம். அதற்குரிய 6 ஒன்றாம் இடத்தில் நிற்கிறது. இருபத்தொன்பதாம் எழுத்து ஸகரம்; அதற்குரிய 7 தலையிடத்தில் நிற்கிறது. பாட்டை மனனம் செய்த மாணவர் எண்ணையும் மனனம் செய்தவரே ஆவார். ஓர் எழுத்து மாறினால் சீர் கெடும். ஆகவே பாட்டு எண்ணுக்குக் காவலாயிற்று.

இதில் தமிழ்ச் சமணர் கருதவேண்டிய நுட்பம் ஒன்றும் உண்டு. கடபயாதியில் ககர வருக்கத்தின் நான்கு ஒலிகளுக்கும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எனத் தனித்தனி இலக்கங்கள். தமிழ் எழுத்தில் அந்நான்கும் ஒரே ககரமாக எழுதப்படும். எனவே அப்பாட்டைத் தமிழ் எழுத்தில் மட்டும் எழுதினால் எண் சிதைந்துபோகும். தமிழ்ச் சமணர் பிராகிருத, வடமொழி நூல்களைக் கிரந்த எழுத்தில் எழுதிக் காத்து வந்தமையின் பயன் இங்கே புலனாகும். வீடுகளிலும் ஜினாலயங்களிலும் கிரந்த ஓலைச்சுவடிகள் எஞ்சியிருப்பின், அவை பூசைக்குரியன மட்டுமல்ல. வேறெழுத்தில் காக்க இயலாத நுட்பங்களையும் காத்து நிற்பன.

பாட்டு காத்ததைக் கணக்கும் காக்கும். எண்ணின் இருபத்தொன்பது இலக்கங்களையும் கூட்டினால் 127. அதன் இலக்கங்களைக் கூட்ட 10. மீண்டும் கூட்ட 1. ஐந்தாம் வர்க்கத்தின் இலக்கங்களை இவ்வாறே கூட்டிக்கொண்டு சென்றால் 4 வரும். ஆறாம் வர்க்கத்துக்கு 7 வரும். நான்கையும் ஏழையும் பெருக்க 28. அதன் இலக்கங்களைக் கூட்ட 10. மீண்டும் கூட்ட 1. கணக்குப் பொருந்துகிறது. எனினும், படியெடுப்போர் அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதிவிட்டால் இச்சோதனை அதனைக் காட்டாது. அதற்கு மற்றொரு சோதனை உண்டு. வலக்கோடியிலிருந்து ஒன்று விட்டு ஒன்றாக இலக்கங்களைக் கூட்ட 79, விடுபட்டவற்றைக் கூட்ட 48, வேறுபாடு 31. அதனைப் பதினொன்றால் வகுக்க மீதி 9. இரண்டின் தொண்ணூற்றாறாம் அடுக்கைப் பதினொன்றால் வகுத்தாலும் மீதி 9ஆகவே வரவேண்டும் என்பது விதி. இரு சோதனைகளிலும் எண் தேறுகிறது. ஆசாரியர் சொன்னார் என்பதற்காக மட்டும் ஏற்க வேண்டியதில்லை. பென்சிலும் தாளும் உடைய எவரும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இனி, முன்னர்க் குறித்த சான்றுக்கு வரலாம். ஜீவகாண்டம் தோன்றுவதற்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே வீரசேனர் இவ்வெண்ணை அறிந்திருந்தார். மனிதர் தொகை கோடி கோடி கோடிக்கு மேற்பட்டது, கோடி கோடி கோடி கோடிக்குக் கீழ்ப்பட்டது என்பது அவர் உரை கண்ட ஆகமத்தின் கூற்று. கோடியை நான்கு முறை எழுதிப் பெருக்கினால் ஒன்றும் அதன்பின் இருபத்தெட்டுச் சுழியுமாக அதுவும் இருபத்தொன்பது இலக்க எண்ணே. மேலோட்டமாக நோக்குவோர் இரண்டும் இருபத்தொன்பது இலக்கம் தானே என்று அமைதி கொள்வர். வீரசேனர் அவ்வாறு அமையவில்லை. இரண்டின் தொண்ணூற்றாறாம் அடுக்கு அந்த மேலெல்லையைக் கடந்துவிடுகிறது என்று கண்டார். உண்மையில் அஃது எல்லையைப்போல் ஏறத்தாழ எட்டு மடங்கு. அதனோடும் நில்லாமல், மனிதவுலகத்தின் பரப்பைக் கணக்கிட்டு, அத்துணைப் பேர் அப்பரப்பில் அடங்கார் என்று காட்டி, அவ்வெண் பொருந்தாது என்றார். தவளாவின் இப்பகுதியை 20ஆம் நூற்றாண்டில் இலக்னோப் பல்கலைக்கழகக் கணித அறிஞர் ஏ. என். சிங் எடுத்துக்காட்டி விளக்கினார். மூடபித்ரியில் ஓலையாகக் காக்கப்பட்டிருந்த தவளா, 1939 முதல் அச்சில் வெளிவரத் தொடங்கிய பின்னரே அறிஞர் உலகம் இச்செய்தியை அறிந்தது.

இங்கே நின்று சிந்திக்க வேண்டும். மரபு வழியே வந்த ஓர் எண்ணை, மரபின் பேருரையாசிரியரே கணக்கிட்டு மறுத்தார். அதனால் அவர் பெருமை குன்றவில்லை. பின்வந்த நேமிசந்திரர் அதே எண்ணைப் பாட்டில் அமைத்துக் காத்தார். அவர் சித்தாந்த சக்கரவர்த்தி என்றே போற்றப்பட்டார். இரு நூல்களும் ஒரே மடத்து ஏட்டுப்பெட்டியில் இடம்பெறத் தடையிருந்ததில்லை. இதனை அநேகாந்தம் என்று சொல்லி எளிதாகக் கடந்துவிடவும் கூடாது. மனிதர் தொகை எது என்பதில் இரு கருத்துகள் இருக்கலாம். ஆனால் இரண்டின் தொண்ணூற்றாறாம் அடுக்கு நான்கு கோடிகளின் பெருக்கத்தினும் பெரிதா என்பதில் இரு கருத்துகளுக்கு இடமில்லை. பார்வையால் வேறுபடுவது எது, கணக்கால் முடிவாவது எது என்று பிரித்தறிதலே நற்காட்சியின் முதற்படி. வினா எழுப்பும் இளையோரை 'ஆகமத்தில் ஐயம் கொள்ளாதே' என்று அடக்கும் பெரியோர், வீரசேனர் செய்த கணக்கை ஒருமுறை நினைத்துப் பார்த்தல் நலம்.

இவ்வெண் இன்று கணிப்பொறி உலகிலும் தலைகாட்டுகிறது. பணக்கணக்கு எழுதும் மென்பொருள்கள் பலவற்றுக்கு அடிப்படையான மைக்ரோசாஃப்டின் டாட்நெட் முறையில் 'டெசிமல்' என்னும் எண்வகை ஒன்று உண்டு. அதில் இலக்கங்களைக் காக்க ஒதுக்கப்பட்ட இடம் 96 பிட். அதனால் அவ்வகையில் எழுதத்தக்க மிகப்பெரிய எண் 79228162514264337593543950335. கோம்மடசார எண்ணினும் ஒன்று குறைவு. ஜீவகாண்டம் கூறும் எண்ணை அதில் இட முயன்றால் கணிப்பொறி மறுத்துவிடும். பெரிய துணிக்கடைகளில் ஆடையோடு தொங்கும் ரேடியோ அடையாளச் சீட்டுகளிலும் 96 பிட் குறியீடு பெருவழக்கு. அக்குறியீட்டில் அமையத்தக்க வேறுபாடுகள் மொத்தம் இந்த இருபத்தொன்பது இலக்க எண்ணே.

இதனைக் கொண்டு, ஆசாரியர்கள் கணிப்பொறியை முன்னரே அறிந்திருந்தனர் என்று மார்தட்டுவது அவர்களுக்குச் செய்யும் சிறப்பாகாது. ஒன்றை இரண்டாக்கிச் செல்லும் வழியைச் சமணக் கணிதமும் பற்றியது, மின்சுற்றுகளும் பற்றின. ஒரே வழியில் நடப்போர் ஒரே ஊரைக் காண்பது இயல்பு. உண்மையான பெருமை வேறு. பேரெண்ணைக் கண்டு வியந்து நின்றுவிடாமல், அதனைப் பாதியாக்கியும், அடுக்கியும், எழுத்தில் பொதிந்தும், பரப்போடு பொருத்தியும், வேண்டுமிடத்து மறுத்தும் ஆராய்ந்த நெஞ்சுரமே அது.

அப்பெருமையைப் பிள்ளைகளிடம் சேர்க்க நீண்ட சொற்பொழிவு வேண்டியதில்லை. விடுமுறை நாள் ஒன்றில், இரண்டில் தொடங்கி ஆறு வர்க்கங்கள், பின்னர் ஒரு பெருக்கல் என்று ஏழு பெருக்கல்களைத் தாளில் செய்துபார்க்கச் செய்தால் போதும். நடுவில் எங்கேனும் பிழை நேரின் ஒன்பதின் சோதனையோ பதினொன்றின் சோதனையோ பெரும்பாலும் காட்டிவிடும். முடிவில் 336 என்று முடியும் இருபத்தொன்பது இலக்கங்கள் தாளில் நிறையும்போது, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நேமிசந்திரர் எழுத்துகளில் பொதிந்து வைத்ததை அப்பிள்ளைகள் தம் கையாலேயே கண்டறிந்திருப்பர்.